ஜான்சி என்ற நாய்

காலை நல்லா நீட்டி உக்காருங்க அம்மிணி. அந்தப் பையில ஒடையற சாமான் ஒண்ணும் இல்லை. ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, ஒரு நாய்ச்சங்கிலி. அவ்வளவுதான்.

சங்கிலியப் பாத்துப்போட்டுத்தானே சிரிக்கறீங்க. டிக்கெட் பாக்க வந்தவரும் சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு, "நாயை எங்க பெரியவரே ஒளிச்சு வெச்சிருக்கீங்க"ன்னு. நாய் இல்லீங்க. நாய் மெட்ராஸ்லயே இருக்குது, என்ற பையன் வீட்டுல. நான் வளக்கறதுக்குன்னு பாத்து வெச்ச நாயை என்ற பையனே எனக்குத் தெரியாம கூட்டிட்டுப் போயிட்டானுங்க. இதை வெளிய சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?

நீங்க எதுவரைக்கும்? கோயமுத்தூருங்களா. நான் ஈரோட்டுல எறங்கிச் சென்னிமலை பஸ் புடிக்கோணும். காட்பாடியே இப்பத்தான் தாண்டியிருக்குது. கேக்கறீங்கன்னா சொல்றேன். கேக்கலைன்னாலும் சொல்லுவேன்னு வெச்சுக்கங்க, மனசு அப்படி இருக்குது.

என்ற பேரு சென்னியப்பன். ஈ.பி.ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். எங்க பக்கம் கேட்டுப் பாருங்க, கடமைன்னு வந்துட்டா மனுசன் அக்கட்ட இக்கட்ட நகர மாட்டான்னுதான் சொல்லுவாங்க. அது என்ற குணம். அதையே இன்னைக்கு என்ற பையன் குத்தமாச் சொல்றான்.

எங்கூட்டுல மின்னால ஒரு நாய் இருந்துச்சுங்க. கருவாயன்னு பேரு. உடம்பெல்லாம் செவலை, வாய் மட்டும் கரி பூசுன மாதிரி இருக்கும். வேலையில இருந்த கடைசி வருசம், ஒரு மழை நாள்ல டிரான்ஸ்பார்மர் மேடைக்கு அடியில நனைஞ்சு கெடந்துச்சு. சட்டைக்குள்ள போட்டுக் கொண்டாந்தேன். அன்னைக்கு அது வந்தது, போன ஐப்பசி வரைக்கும் என்னைய விட்டு நகரலை. நான் சந்தைக்குப் போனா சந்தைக்கு வரும். முடிவெட்டற கடையில நான் உக்காந்திருந்தா வாசப்படியில படுத்திருக்கும். வேற ஆளு சோறு வெச்சா மோந்துகூடப் பாக்காதுங்க. நான் வெக்கோணும். அப்படிப்பட்ட நாய்.

என்ற சம்சாரம் பேரு ராமாத்தா. அவளுக்கு ஒரு நாள் வெடியால எந்திரிக்கையில ஒரு பக்கம் கையும் காலும் வரலை. பக்கவாதம்னாங்க. பையன் பூபதி மெட்ராஸ்ல இருந்து ராவோட ராவா வந்தான். நல்ல பையன்தான், அப்ப. அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்குது, தெனமும் பயிற்சி குடுத்தா நடந்துருவாங்க, நான் அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்னான். நானும் சரின்னுட்டேன்.

"நீங்களும் வாங்கப்பா"ன்னான்.

"நாயை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?"

"அதையும் கூட்டிட்டு வாங்க. கீழ் வீடுதானே, மின்னாடி கம்பிக் கேட்டு இருக்குது, எடமிருக்குது."

நான் ரோசனை பண்ணிப் பாத்தேங்க. மெட்ராஸ் வெக்கை அந்த நாய்க்கு ஒத்துக்காது. அது தோட்டங்காட்டுல ஓடித் திரிஞ்ச உசுரு. வாயில்லாச் சீவனை அங்க கொண்டு போயி வதைக்கறது பாவமில்லீங்களா. ராமாத்தாளுக்குப் பையன் இருக்கான், மருமக இருக்கறா, பேத்தி இருக்கறா. கருவாயனுக்கு யாரு இருக்கறா? என்னைய விட்டா நாதியில்லை. நாயத்தை நீங்களே சொல்லுங்க.

கொஞ்ச மாசத்துல வந்துருவான்னுதான் அனுப்புனேன். ரெண்டு வருசம் ஓடிப்போச்சு. எனக்கும் மனக்கொறை உண்டுங்க அம்மிணி. அத்தனை வருசம் எங்கூட இருந்தவ, என்னையத் தனியா விட்டுப்போட்டு மகன் வீடே கதின்னு இருந்துக்கிட்டா. நானே பொங்கி நானே தின்னுக்கிட்டுக் கெடந்தேன். அதை யாரும் பேச மாட்டாங்க. பொழுதோட போன்ல கூப்பிடுவா. வாய் கொளறும் அவளுக்கு, பாதி வெளங்காது. "எப்ப வர்றீங்க"ங்கறது மட்டும் தெளிவா வரும். "இந்தா வர்றேன்"ம்பேன். பொய்யில்லீங்க, வரோணும்னுதான் நெனைச்சேன். ஒருக்கா போகவும் போனேன். வெடியால போயி, பேசிட்டு, அன்னைக்கே வண்டி ஏறிட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டு, கருவாயன் சோறு திங்காம கேட்டையே பாத்துக்கிட்டுக் கெடக்குதுன்னு சொல்லிப்போட்டான். அப்பறம் எப்படி அங்க இருப்பு கொள்ளும்?

அவ போன அன்னைக்கு நான் அங்க இல்லை. அந்த வியாழக்கெழம போறதாத்தான் இருந்தேன். கருவாயனுக்கு வயித்தால போயிக்கிட்டு இருந்துச்சு, சரியாகட்டும்னு தள்ளி வெச்சேன். அதுக்குள்ள தகவல் வந்துருச்சு. அப்பறம் நான் எங்க போறது, அவளையே ஊருக்குக் கொண்டாந்துட்டாங்க.

பூபதி அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. எழவு வீட்டுல பேச என்ன இருக்குதுன்னு நானும் விட்டுட்டேன்.

அதுக்கப்பறம் கருவாயனும் போயிருச்சு. கெழடு தட்டி, கண்ணுல பூ விழுந்து, கடைசியில நான் கரண்டியில கஞ்சி ஊத்துவேன். மடியில தலைய வெச்சுக்கிட்டுத்தான் கண்ணை மூடுச்சு. கொல்லையில நெல்லி மரத்துக்குப் பக்கத்துல நானே குழி வெட்டுனேன். மம்முட்டியை வேற ஆளைத் தொட விடலை. பூபதிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அதுக்கு அவன் சொல்றான், "சரிங்கப்பா. இனி உங்களைக் கட்டிப் போட அங்க ஒண்ணும் இல்லையே. கெளம்பி வாங்க."

பாருங்க, என்ன பேச்சு. நாயைப் பொதைச்ச மண்ணு கையில இருக்குது எனக்கு.

இன்னொரு நாய் வேண்டாம்னுதான் இருந்தேன். இந்த வயசுல எதுக்குன்னு. எழுபது தாண்டியாச்சு. குட்டியக் கொண்டாந்தா அது பாதி வயசுல இருக்கையில நான் போய்ச் சேந்துருவேன், அப்பறம் அது தெருவுல நிக்கும். ஆனா வீடு இருக்குதே அம்மிணி, அது சும்மா இருக்க விடாது. சோத்தைப் போட்டு உக்காந்தா, ஒரு உருண்டை தானா தட்டத்து ஓரத்துல நகந்து நிக்குது. யாருக்கு வெக்கறது அதை? கதவைச் சாத்தப் போனா, உள்ள வந்துருச்சான்னு ஒருக்காத் திரும்பிப் பாக்கறேன். ரேடியோவைப் போட்டு விட்டேன். அது பாட்டுக்குப் பேசுது. நம்மளைப் பாத்தா பேசுது?

அப்பத்தான் எங்கூட வேலை செஞ்ச ஒருத்தர் சொன்னாரு, ஈரோட்டுப் பக்கம் நாய்களுக்குன்னு ஒரு காப்பகம் இருக்குது, வளத்தவங்க விட்டுட்டுப் போன வயசான நாயெல்லாம் இருக்குதுன்னு. ரோசனை நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு வயசு, அதுக்கும் வயசு. ரெண்டு பேரும் ஒண்ணாவே காலத்தை ஓட்டிப்போடலாம்.

போனேன். அங்கதான் ஜான்சி. பொட்டை நாய், தேன் கலரு, ஒரு காது மடங்கி இருக்கும். வளத்தவங்க வெளிநாடு போகையில கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்களாம். மத்ததெல்லாம் கம்பியில ஏறிக் கத்துது. இது வரலை. மூலையில படுத்துக்கிட்டு என்னையப் பாத்துச்சு. நான் அங்கயே குத்த வெச்சு உக்காந்தேன். நானும் கூப்பிடலை. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு எந்திரிச்சு வந்து, என்ற பாதத்து மேல தாடைய வெச்சுப் படுத்துக்கிச்சு. அவ்வளவுதாங்க. முடிஞ்சுபோச்சு.

அங்க பாத்துக்கற அம்மா பேரு ஹேமலதா. நல்ல மாதிரி. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வயசுக்கு நாங்க ஒரு விசயம் கேப்போம். உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஜான்சியை யார் பாத்துக்குவாங்க? சின்னவங்க ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும். ஏற்கெனவே ஒரு வீடு போயிருச்சு இதுக்கு."

கேட்டது நாயந்தானே. பூபதிக்குப் போன் போட்டேன். எல்லாஞ் சொன்னேன். கடைசியில, "சரிங்கப்பா, என்ற நம்பரைக் குடுங்க. நான் பேசிக்கறேன்"ன்னான்.

எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க. பையன் மனசு எளகிட்டான்னு நெனைச்சேன். இந்தச் சங்கிலியும் கழுத்துப்பட்டையும் வாங்குனேன். கேட்டுக்கு அடியில சந்து இருந்துச்சு, கம்பி வலை வெச்சு அடைச்சேன். கருவாயன் படுத்த சாக்கை எடுத்துப்போட்டுப் புதுசா ஒரு மெத்தை தெச்சு வாங்குனேன். ஞாயித்துக்கெழம போயிக் கூட்டியாறதுன்னு பேச்சு.

போனேன். ஹேமலதாம்மா எந்திரிச்சு நின்னாங்க. உக்காருங்க சார்னாங்க.

"உங்க பையன்கிட்டப் பேசினோம் சார். அவர், அப்பாவுக்குக் குடுக்காதீங்கன்னு சொல்றாரு."

"எங்கிட்டச் சரின்னானே."

"அவர் பொறுப்பு ஏத்துக்கலைன்னா எங்களால குடுக்க முடியாது சார்."

ஜான்சி அங்க கம்பிக்குப் பின்னால நின்னு வாலை ஆட்டிக்கிட்டு இருக்குது. நான் கையில சங்கிலிய வெச்சுக்கிட்டு நிக்கறேன். என்ற எதிரிக்குக்கூட அந்த நெலம வரக்கூடாதுங்க.

அங்கிருந்தே அவனைக் கூப்பிட்டேன். "ஏண்டா, முடியாதுன்னா எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? மூணாம் மனுசிகிட்டச் சொல்லி என்னைய அசிங்கப்படுத்தோணுமா?"

"உங்ககிட்டச் சொன்னா வேற யாரையாவது புடிச்சுக் கையெழுத்து வாங்கிருப்பீங்கப்பா."

"அப்படியென்னடா நான் நாய் வளக்கறது உனக்குக் கஷ்டம்?"

"இன்னொரு நாய் வந்துருச்சுன்னா, இன்னும் நாலஞ்சு வருசத்துக்கு உங்களுக்குக் காரணம் கெடைச்சுரும்."

காரணமாம். எதுக்குக் காரணம்? நான் வைய ஆரம்பிச்சேன், அவன் போனை வெச்சுட்டான். இன்னைக்கு வரைக்கும் எனக்கு அந்தப் பேச்சு வெளங்கலை.

ஆனா நான் விடலை. நாய் குடுக்காட்டிப் போறாங்க, பாக்கக் கூடாதுன்னு சட்டமா? வாரா வாரம் பஸ் ஏறிப் போவேன். கோழி ஈரலை வேக வெச்சு டப்பாவுல எடுத்துக்குவேன். ஹேமலதாம்மா ஒரு நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. ஜான்சி சாப்பிட்டுட்டு என்ற கால் மேல படுத்துக்கும். நான் அதுகிட்ட ஊர்க்கதை பேசுவேன். மழை இல்லாதது, மஞ்சள் வெலை எறங்குனது, கரண்டு போறது, எல்லாம். இப்படியே போனாலும் போதும்னு ஆயிருச்சு எனக்கு. அந்த ஒரு நாளுக்காக மத்த நாளை ஓட்டுவேன்.

ஒரு நாள் போறேன், எடம் காலியா இருக்குது.

"உங்க பையன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே சார். காரெடுத்துக்கிட்டு மெட்ராஸ்ல இருந்து வந்தாரு, பொண்ணையும் கூட்டிட்டு வந்திருந்தாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனைச்சேன்."

டப்பாவை அங்கயே இன்னொரு நாய்க்குக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். யோசனை பண்ணிப் பாருங்க. மெட்ராஸ்ல இருந்து அத்தனை தொலைவு வந்தவனுக்கு, ஈரோட்டுல இருந்து எங்கூட்டுக்கு வர வழி தெரியலை. பெத்தவன் இருக்கானா செத்தானான்னு எட்டிப் பாக்காம, நாயை ஏத்திக்கிட்டுத் திரும்பிட்டான். களவாணி கூட வீட்டுக்குள்ள வந்துட்டுப் போவானுங்க.

கூப்பிட்டுக் கேட்டா, கோவமே படாமச் சொல்றான். "ஜான்சி இங்க நல்லாருக்குதுங்கப்பா. பாக்கோணும்னா வாங்க."

மறுநாளே வண்டி ஏறிட்டேன். சங்கிலியும் கையுமா. என்ற நாயை நான் கூட்டியாறாம விடறதில்லைன்னு.

மருமக கேட்டைத் தொறந்தா. ஜான்சி உள்ள இருந்து ஓடியாந்து என்ற மேல ரெண்டு காலையும் தூக்கி வெச்சுச்சு. மறக்கலைங்க அது. பேத்தி வந்து "தாத்தா, இது என் ரூம்லதான் தூங்குது"ன்னா. பூபதி பின்னால நின்னான். தலையெல்லாம் நரைச்சுப்போச்சு அவனுக்கு. எப்ப நரைச்சுச்சுன்னு தெரியலை.

"நான் ஜான்சியக் கூட்டிட்டுப் போக வந்தேன்"னேன். சுத்தி வளைக்கறது எனக்குப் புடிக்காது.

"கூட்டிட்டுப் போங்க. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க"ன்னான்.

இருந்தேன். நாய்க்காகத்தான் இருந்தேன். ராமாத்தா இருந்த ரூம்லயே என்னையப் படுக்க வெச்சாங்க. அவ கட்டிலு, ஒரு பிரம்பு நாற்காலி, மருந்து டப்பா வெச்ச அலமாரி, எல்லாம் அப்படியே இருக்குது. நாற்காலிய ஜன்னல் ஓரமாப் போட்டிருந்தாங்க. அதுல உக்காந்தா நேரா கேட்டு தெரியும். ஜான்சி வந்து கால்ல படுத்துக்கும், நான் அப்படியே உக்காந்திருப்பேன். ஒரு நாள் பூபதி காபி கொண்டாந்து குடுத்துட்டுச் சொன்னான், "அம்மா நாளெல்லாம் அந்த நாற்காலியிலதான் இருப்பாங்க. வேற பக்கம் போட்டாத் திருப்பிப் போடச் சொல்லுவாங்க. ஆட்டோ சத்தம் கேட்டா எட்டி எட்டிப் பாப்பாங்க."

அந்தப் பக்கம் நல்ல காத்து வருதுங்க. அதுக்காகத்தான் உக்காந்திருப்பா. அவளுக்குப் புழுக்கம் ஆகாது.

அதைத்தான் நானும் அவன்கிட்டச் சொன்னேன். அவன் என்னையவே பாத்தான்.

"அப்பா, நான் உங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கலை. வந்திருக்கோணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"நான் வந்திருந்தா மட்டும் பொழைச்சிருப்பாளா?"

அவன் காபி டம்ளரை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நாயமான கேள்விதானே நான் கேட்டது? டாக்டரே கைய விரிச்ச கேஸு. நான் போயி பக்கத்துல உக்காந்திருந்தா எந்திரிச்சு நடந்திருப்பாளா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. சொல்ல மாட்டீங்கறீங்க. சரி, உடுங்க.

இன்னைக்கு வெடியால பாத்தா, வாசல்ல கார் நிக்குது. ஜான்சியோட மெத்தை, தட்டம், மருந்துப்பொட்டி எல்லாத்தையும் பின்னால ஏத்தி வெச்சிருக்கான். பேத்தி ஒரு பக்கம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கறா.

"வண்டி பேசிட்டேங்கப்பா. வீடு வரைக்கும் கொண்டு போயி விட்டுருவாங்க. ஜான்சிய வெச்சுக்கங்க. பின்னால பாத்துக்கறதுக்கு நான் இருக்கேன்னு அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"இப்ப மட்டும் ஏன்?"

"இனி உங்ககிட்டக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்கப்பா."

அந்தக் கொரலு இருக்குதே. சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை. வேண்டாத ஆளுக்குக் கைய நெறைச்சு அனுப்பி வெக்கற மாதிரி. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மொதல்ல இல்லைங்கறது, அப்பறம் எடுத்துட்டுப் போறது, கடைசியில இந்தா எடுத்துக்கன்னு நீட்டறது. நான் என்ன பிச்சைக்கா வந்தேன்?

"உன்ற நாயை நீயே வெச்சுக்க"ன்னு சொல்லிப்போட்டுப் பையைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

பின்ன எப்படிங்க கூட்டியாறது. ரோசம்னு ஒண்ணு இருக்குதில்லை மனுசனுக்கு. மருமக பின்னாலயே வந்து, "மாமா, இருங்க மாமா, இங்கயே இருந்துருங்க, ஜான்சியும் இருக்கும்"னா. நல்ல புள்ளை. ஆனா எங்கூட்டைப் பாத்துக்க அங்க யாரு இருக்கறா? மோட்டாரு, நெல்லி மரம், அந்தக் கம்பி வலை அடிச்ச கேட்டு, எல்லாம் போட்டது போட்டபடி கெடக்குது. நான் போயித்தானே ஆகோணும்.

தெருமுக்குல ஆட்டோவுக்கு நிக்கையில திரும்பிப் பாத்தேன். ஜான்சி கேட்டுக் கம்பியில மூஞ்சிய வெச்சு உக்காந்திருக்குது. கத்தலை, ஒண்ணுமில்லை. சும்மா பாத்துக்கிட்டு இருக்குது. ஏதோ கடைக்குப் போறாரு, வந்துருவாருன்னு நெனைச்சிருக்கும். அதுக்கென்ன தெரியும்.

இனி நாயே வேண்டாம் அம்மிணி. முடிவு பண்ணிட்டேன். இந்த வயசுல ஒரு உசுரை நம்ப வெச்சு, அப்பறம் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு, எதுக்குங்க அது. நல்லது பண்ணப் போயி என்ற கதை இப்படி ஆச்சு. இந்தச் சங்கிலிய உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் நாய் வெச்சிருந்தாக் குடுத்துருங்க. புதுசுதான். ஒரு நாளும் மாட்டலை. வேண்டாங்களா? சரி, இருக்கட்டும், பையிலயே கெடக்கட்டும்.

என்ற போன்தான் அடிக்குது. பூபதிதான். வண்டி ஏறுனதுல இருந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்கான். அடிக்கட்டும்.

நான் எடுக்கறதா இல்லை. எடுத்தா என்னத்தைப் பேசறது. நீங்க வேணும்னா எடுங்க அம்மிணி. பெரியவர் தூங்கறாரு, உண்டுபோட்டு நல்லாத் தூங்கறாருன்னு சொல்லுங்க. அந்தப் பச்சையத் தள்ளுனாப் போதும்.

அப்படியே, ஜான்சி சோறு தின்னுச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.